விருந்தாளி சொன்ன முகவரி

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு லயத்து வீடு புதிதன்று. ஒரே கூரை; ஒரே நீளச் சுவர்; உள்ளே பல குடும்பங்கள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே இருப்பது ஒரு தடுப்பு மட்டுமே. அந்தத் தடுப்பு உறுதியாக இருக்கும் வரையில் அவரவர் அடுப்பு அவரவருக்கு. அவரவர் பெட்டி அவரவருக்கு. தடுப்பில் ஒரு பலகை கழன்றுவிட்டால், நல்ல அண்டை வீட்டார் அமைந்திருந்தாலும் நிம்மதியான தூக்கம் வராது.

இன்று உலகின் பெரிய கணினிகளும் லயங்களைப் போலத்தான் இயங்குகின்றன என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு பெரிய கணினிக்குள்ளே பல சிறு கணினிகள் இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு பக்கத்தில் மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு இருக்கும். தடுப்புக்கு மறுபக்கத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வேலை நடந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே இயந்திரத்தில்தான். நம் ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்திலேயே இத்தகைய கணினிகளை அடுக்கி வைக்கும் தரவு மையங்கள் இப்பொழுது எழுந்துள்ளன. ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இப்படி உள்ளே குடியிருக்கும் ஒவ்வொரு கணினியையும் அத்துறையினர் ‘விருந்தாளி’ என்று அழைக்கின்றனர். விருந்தாளிகள் அனைவருக்கும் இடம் பிரித்துக் கொடுத்து, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாமல் பார்த்துக்கொள்ளும் கட்டளைத் தொகுப்புக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். நாம் அதனை எளிமையாகக் ‘காவலாளி’ என்றே சொல்வோம். இந்தக் காவலாளி எவ்வாறு தோன்றினான், விருந்தாளி சொன்ன ஒரு முகவரியை நம்பி அவன் எவ்வாறு ஏமாந்தான், ஏமாந்த இடத்தை அடைத்த பிறகும் ஏன் மறுபடி ஏமாந்தான் என்பவற்றை இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் முகவரி என்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். தோட்ட அலுவலகத்தில் கடிதங்களைப் பிரித்து வைக்கும் சிறு சிறு அறைகள் கொண்ட அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். கணினியின் நினைவகம் அதைப்போன்ற அலமாரிதான். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குத்தான் முகவரி என்று பெயர். “4,000ஆம் அறையில் இருப்பதை எடு, 5,000ஆம் அறையில் வை” என்று கட்டளை வரும். கணினி அப்படியே செய்யும். அந்த அறை யாருடையது என்று அது தானாகக் கேட்பதில்லை. கேட்கும்படி யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டின் கதையே நம் வரலாறு.

தொடக்கக் காலக் கணினிகளில் இந்தக் கேள்விக்கே பெரிதும் இடமில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் வேலை மட்டுமே உள்ளே இருந்தது. அவர் தம் வேலையைத் தாமே கெடுத்துக்கொண்டால் நட்டம் அவருக்குத்தான். பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உயர்கல்விக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் அத்தகைய முறை ஒன்றைச் செய்து காட்டினர். பின்னர் அம்முறை பெரிய ஐ.பி.எம். கணினிக்கு மாற்றப்பட்டபோது, நினைவகத்தை 32,768 அறைகள் கொண்ட இரு பகுதிகளாக வைத்துக்கொண்டனர். ஒரு பகுதி மேற்பார்வை செய்யும் நிரலுக்கு, மற்றொன்று பயனாளர்களுக்கு. பயனாளரின் வேலை தன் எல்லையைத் தாண்டிய எண்ணைச் சொன்னால், இயந்திரமே அதைத் தடுத்து நிறுத்தியது. கல்லும் கம்பியும் கொண்டு வேலி போட்டதுபோல, மின்சுற்றுகளைக் கொண்டு போட்ட வேலி அது.

அடுத்த ஆண்டு, 1962 டிசம்பர் 7ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ‘அட்லஸ்’ என்னும் கணினி தொடங்கி வைக்கப்பட்டது. டாம் கில்பர்ன் தலைமையில் உருவான இந்த இயந்திரம் மேலும் ஒரு படி சென்றது. அதில் நிரல் சொல்லும் முகவரி வேறு. உண்மையான அறை வேறு. நிரல் ஓர் எண்ணைச் சொன்னதும், இயந்திரம் ஒரு பட்டியலைப் பார்த்து, “இந்த எண்ணுக்கு உரிய பக்கம் இப்பொழுது இந்த இடத்தில் இருக்கிறது” என்று கண்டுபிடித்து அங்கே சென்றது. ஒவ்வொரு பக்கமும் 512 சொற்கள் கொண்டது. வீடு மாறிப் போனவரின் கடிதத்தைத் தபால்காரர் புதிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதில்லையா? அதைப்போன்றதுதான். சிறிய நினைவகத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் இதிலிருந்து மற்றொரு நன்மையும் பிறந்தது. பட்டியலில் இல்லாத இடத்துக்கு யாரும் போக முடியாது. ஆகவே பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் சாவிக்கொத்து என்றாகிவிட்டது.

இந்தச் சாவிக்கொத்தைக் கொண்டு ஒரு முழுக் கணினியையே கற்பனையாக உண்டாக்கலாம் என்று கண்டவர்கள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் நிலையத்தினர். ராபர்ட் கிரீஸி, லெஸ் கொமோ ஆகியோர் முன்னின்று உருவாக்கிய சி.பி.-40 என்னும் முறை 1967 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஓர் இயந்திரத்துக்குள் 14 கற்பனைக் கணினிகள். ஒவ்வொருவரும் தமக்கென்று தனிக் கணினி இருப்பதாகவே எண்ணி வேலை செய்தனர். இந்த வழியில் வளர்ந்த வி.எம்./370 என்னும் தொகுப்பை 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். அறிவித்தது. இங்கேதான் நம் காவலாளி முழு உருவம் பெறுகிறான்.

காவலாளி பிறந்த அன்றே அவனுடைய தொல்லையும் பிறந்துவிட்டது. அது எப்படி என்று பார்ப்போம்.

விருந்தாளி தன் கையாலேயே ஓர் அறையைத் தொட்டால், இயந்திரம் பட்டியலைப் பார்த்துத் தடுத்துவிடும். அதில் கவலை இல்லை. ஆனால் விருந்தாளியால் தானே செய்ய முடியாத வேலைகள் சில உண்டு. வட்டிலிருந்து படிப்பதும் நாடாவில் எழுதுவதும் அத்தகையவை. அந்தக் கால ஐ.பி.எம். கணினிகளில் இவ்வேலைகளைச் செய்யத் தனிக் கருவிகள் இருந்தன. அவற்றுக்கு ஒரு சிறு கட்டளைப் பட்டியல் கொடுத்தால் போதும்: “வட்டிலிருந்து எடு, இந்த முகவரியில் வை.” அந்தக் கருவிகள் பட்டியல் வழியாகப் போகாமல் நேரே உண்மையான அறைக்கே போய்விடும். விருந்தாளி சொல்வதோ கற்பனை முகவரி. அதை அப்படியே கருவியிடம் கொடுத்தால், பண்டம் வேறொருவர் வீட்டில் போய் இறங்கும்.

ஆகவே காவலாளி என்ன செய்தான்? விருந்தாளியின் கட்டளைத் தாளை முதலில் தன் மேசைக்குக் கொண்டுவந்து, வரிக்கு வரி தானே நகல் எழுதினான். ஒவ்வொரு வரியிலும் இருந்த முகவரி அந்த விருந்தாளிக்கு உரியதுதானா என்று பார்த்தான். உரியதென்றால் அதை உண்மை முகவரியாக மாற்றினான். அதன் பிறகே நகலைக் கருவியிடம் கொடுத்தான். விருந்தாளி தந்த முகவரியைச் சோதிக்கும் பணி இவ்வாறு 1960களிலேயே தொடங்கிவிட்டது. விருந்தாளி காவலாளியிடம் நேராக உதவி கேட்பதற்கும் ‘டயக்னோஸ்’ என்ற கட்டளை வழியாக ஒரு வாசல் திறக்கப்பட்டது. அது ஒரு விண்ணப்பம் போன்றது. அதிலும் முகவரிகள் இருக்கும்.

நேயர்களே, இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். விருந்தாளியின் கைக்கு எட்டாத இடமெல்லாம் காவலாளியின் கைக்கு எட்டும். எல்லா வீட்டுச் சாவியும் அவனிடம்தான் இருக்கிறது. விருந்தாளி ஒரு முகவரியை எழுதிக் கொடுத்து, “ஐயா, இங்கே இதை வைத்துவிடுங்கள்” என்று கேட்கிறான். காவலாளி பார்க்காமல் வைத்துவிட்டால், தடுப்பை உடைத்தவன் விருந்தாளி அல்லன், காவலாளியே. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பார்களே, அதுதான். வேலிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை மேய வைத்தவன் வேறொருவன்.

இந்த ஆபத்தை உலகுக்கு மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் நார்மன் ஹார்டி என்னும் அமெரிக்க வல்லுநர். 1988இல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. சுமார் 11 ஆண்டுகளுக்கு முன் டைம்ஷேர் என்னும் நிறுவனத்தில் நடந்ததை, சில சிறு விவரங்களை மட்டும் மாற்றிச் சொல்வதாக அவரே குறிப்பிடுகிறார். அங்கே ஒரு மொழிமாற்று நிரல் இருந்தது. அது யார் யார் தன்னை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அதற்காக, முக்கியமான கோப்புகள் இருந்த ஓர் அடைவில் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு விலைப்பட்டியல் போடும் கணக்குக் கோப்பும் அதே அடைவில்தான் இருந்தது. அந்த நிரலைப் பயன்படுத்துவோர், “விளைவுகளை இந்தப் பெயருள்ள கோப்பில் எழுது” என்று ஒரு பெயர் கொடுக்கலாம். ஒருவர் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டார். அவருக்கு அதில் எழுத உரிமை இல்லை. ஆனால் நிரலுக்கு அந்த அடைவில் எழுத உரிமை இருந்தது. அது சொன்னபடியே எழுதியது. கணக்கு அழிந்தது.

இதில் குற்றவாளி யார்? நிரல் தனக்குள்ள உரிமையைத்தான் பயன்படுத்தியது. பயனாளர் ஒரு பெயரைத்தான் சொன்னார். நிரல் இரண்டு எசமானர்களுக்கு வேலை செய்தது. எந்த வேலைக்கு யாருடைய உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்பதை அது பிரித்தறியவில்லை. ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பொருள்படும் பெயரை ஹார்டி இதற்குச் சூட்டினார். நம் காவலாளியின் நோய்க்கும் அதுவே சரியான பெயர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவர், எத்தகைய இயந்திரத்தில் கற்பனைக் கணினிகளைச் செம்மையாக அமைக்க முடியும் என்பதற்கான இலக்கணத்தை 1974இல் வகுத்தனர். பின்னாளில் உலகெங்கும் பரவிய சிறு கணினிகளின் இன்டெல் வகைச் சில்லுகள் அந்த இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் நெடுங்காலம் அவற்றில் இம்முறை தலைகாட்டவில்லை. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் ஒரு சாமர்த்தியமான வழியில் அதைச் சாதித்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸென்’ என்ற காவலாளியை உலகுக்கு அறிமுகம் செய்தனர். முதல் காவலாளி பிறந்தது அமெரிக்கக் கேம்பிரிட்ஜில். இவன் பிறந்தது ஆங்கிலேயக் கேம்பிரிட்ஜில்.

ஸென்னின் வழி புதுமையானது. விருந்தாளியிடம், “நீ தனிக் கணினி அல்ல, நீ விருந்தாளிதான்” என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது. “உனக்கு ஏதும் வேண்டுமென்றால் விண்ணப்பம் கொடு, நான் செய்து தருகிறேன்.” இதனால் வேலை விரைவாக நடந்தது. அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் கணினி வாடகைத் தொழிலைத் தொடங்கியபோது ஸென்னையே காவலாளியாக வைத்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொழில் ஸென்னை நம்பியே வளர்ந்தது. 2017இலிருந்துதான் அங்கே வேறு காவலாளி இடம்பெறத் தொடங்கினான். எத்தனை பேருடைய பொருள் இந்த ஒரு காவலாளியின் பொறுப்பில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஸென்னிடம் கொடுக்கும் விண்ணப்பங்களில் ஒன்று நினைவகப் பக்கங்களை மாற்றிக்கொள்வது. விருந்தாளியிடம் இருக்கும் பக்கங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கலாம். சில கருவிகளுக்கோ அடுத்தடுத்து அமைந்த பக்கங்கள் தேவை. ஆகவே விருந்தாளி, “இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு பக்கங்களைக் கொடுங்கள், அவற்றின் எண்களை இந்த முகவரி தொடங்கி வரிசையாக எழுதிவிடுங்கள்” என்று கேட்கும். தவறில்லாத வேண்டுகோள்தான்.

ஆனால் 2012 டிசம்பரில் ஸென் திட்டத்தினர் தங்கள் 29ஆவது பாதுகாப்பு அறிவிப்பில் ஓர் உண்மையை வெளியிட்டனர். இந்த விண்ணப்பத்தைக் கையாளும் பகுதி, விருந்தாளி கொடுத்த முகவரி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று சோதிக்கவே இல்லை! “இங்கே எழுது” என்று காவலாளியின் சொந்த அறை எண்ணையே விருந்தாளி கொடுத்தாலும், காவலாளி தன் அறையில் தானே எழுதிக்கொள்வான். தன் பட்டியலையும் தன் கட்டளைகளையும் தானே அழித்துக்கொள்வான். அதனால் முழுக் கணினியும் நின்றுபோகலாம். கெட்ட எண்ணமுடைய விருந்தாளி கவனமாகத் திட்டமிட்டால், காவலாளியின் அதிகாரத்தையே கைப்பற்றவும் வழியுண்டு. அதைக் கண்டதும் ஒரு சோதனையைச் சேர்த்து ஓட்டையை அடைத்தனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கவனக்குறைவின் கதை. உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

சேர்த்த சோதனை என்ன தெரியுமா? எழுதத் தொடங்கும் முகவரி காவலாளியின் பகுதிக்கு வெளியே இருக்கிறதா என்று பார்ப்பது. தொடக்கம் சரி, முடிவைப் பார்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. அந்தக் கணினிகளில் முகவரி எண்களின் வரிசை ஒரு விசித்திரமான நிலம்போல அமைந்திருந்தது. முதலில் சுமார் 140 டிரில்லியன் முகவரிகள் கொண்ட ஒரு பகுதி. அதன் பிறகு எதற்கும் பயன்படாத எண்களின் மாபெரும் பள்ளத்தாக்கு. அந்த எண்களில் ஒன்றைச் சொன்னாலே இயந்திரம் உடனே நின்று தவறென்று அறிவித்துவிடும். பள்ளத்தாக்குக்கு அக்கரையில்தான் காவலாளியின் அறைகள். ஆகவே இக்கரையில் தொடங்கி ஒவ்வோர் அறையாக எழுதிக்கொண்டே போகிறவன், காவலாளியின் அறையை எட்டும் முன்பே பள்ளத்தில் விழுந்துவிடுவான். தொடக்கத்தைப் பார்த்தால் போதும். முடிவைப் பள்ளத்தாக்கு பார்த்துக்கொள்ளும்.

இதைத் தோட்டத்து வழக்கில் சொல்லிப் பார்ப்போம். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஆழமான ஓடை இருக்கிறது. ஒருவர் முதல் நிரையில் தொடங்கி, நிரை நிரையாக வெட்டிக்கொண்டு போகிறார். எத்தனை நிரை வெட்டினாலும் ஓடையருகே நின்றுதான் ஆக வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மரத்தை அவர் வெட்டுவாரோ என்று கங்காணி அஞ்சத் தேவையில்லை. ஆனால் அவர் காலையில் வந்து, “ஆயிரம் நிரையை முன்பே முடித்துவிட்டேன், ஆயிரத்தொன்றாவது நிரையிலிருந்து கணக்கு எழுதுங்கள்” என்று சொன்னால்? அந்த ஆயிரத்தொன்றாவது நிரை ஓடைக்கு அப்பால் இருந்தால்? கங்காணி தொடக்க நிரையை மட்டும் பார்த்துத் தலையசைத்தால் என்ன ஆகும்?

ஸென்னில் நடந்தது இதுவே. பக்கங்களை மாற்றும் வேலை நீண்டதாக இருந்தால், காவலாளி நடுவில் நிறுத்திவிட்டு மற்ற விருந்தாளிகளைக் கவனித்துப் பிறகு திரும்பி வருவான். விட்ட இடம் நினைவிருக்க வேண்டுமல்லவா? அதற்காக, “இதுவரை முடிந்தவை இத்தனை” என்ற எண்ணும் அந்த விண்ணப்பத் தாளிலேயே குறிக்கப்பட்டது. புதிய விண்ணப்பத்தில் அந்த எண் சுழியமாக இருக்க வேண்டும். ஆனால் தாள் விருந்தாளியின் கையில் இருக்கிறது. அவன் அதில் எந்த எண்ணையும் எழுதலாம். மிகப்பெரிய எண்ணை எழுதினால், காவலாளி தொடக்க முகவரியுடன் அதைக் கூட்டி, பள்ளத்தாக்கைக் கால் வைக்காமலே தாண்டி, நேராகத் தன் சொந்த அறையில் போய் எழுதுவான். சோதனை பார்த்த இடம் ஒன்று. கை பட்ட இடம் வேறொன்று.

இதைக் கண்டுபிடித்தவர் கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன். விருந்தாளியாக உள்ளே இருந்துகொண்டே முழுக் கணினியையும் கைக்கொள்ள முடியும் என்பதை அவர் செயல்முறையில் காட்டினார். 2017 ஏப்ரல் 4ஆம் நாள் ஸென் திட்டத்தினர் தங்கள் 212ஆவது அறிவிப்பை வெளியிட்டனர். 29ஆவது அறிவிப்புக்காகச் சேர்த்த சோதனையே போதாததாக இருந்தது என்பதை அதில் மறைக்காமல் எழுதினர். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழிந்திருந்தன. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் விண்ணப்ப முறையில் இயங்கிய விருந்தாளிகளால் மட்டுமே இவ்வழியைப் பயன்படுத்த முடியும். ஆயினும் வாடகைக் கணினிகளில் அந்த வகை விருந்தாளிகள் பரவலாக இருந்தன. புதிய திருத்தம் எளிமையானது: தொடக்க முகவரியை மட்டும் பாராமல், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை உண்மையில் கை படப்போகிறதோ, அந்தப் பகுதியைச் சோதிப்பது.

இடையில் 2015 டிசம்பரில் வந்த 155ஆவது அறிவிப்பு இன்னொரு வகை ஏமாற்றத்தைக் காட்டியது. பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி வாளியைப் பார்த்து, “பால் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நிறுப்பதற்குத் திரும்புவதற்குள், யாராவது அதில் தண்ணீரை ஊற்றிவிட்டால்? பார்த்ததும் உண்மை, நிறுத்ததும் உண்மை, ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. விருந்தாளியும் காவலாளிப் பக்கத்து நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகத்திலும் இப்படி நடக்க இடமிருந்தது. ஒருமுறை படித்துச் சோதித்துவிட்டு, மறுமுறை அதே இடத்திலிருந்து படித்துப் பயன்படுத்தினால், இடையில் விருந்தாளி எண்ணை மாற்றிவிடலாம். தாளை முதலில் தன் மேசைக்குக் கொண்டுவந்து நகல் எடுத்துக்கொண்டு, நகலையே சோதித்து, நகலையே பயன்படுத்துவதுதான் இதற்கு மருந்து. சி.பி.-40 காலத்துக் காவலாளி கட்டளைத் தாளை நகல் எழுதினானே, நினைவிருக்கிறதா? அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நல்ல வழி அதுவே.

இன்றைய சில்லுகளில் விருந்தாளிகளுக்கெனத் தனிப் பட்டியல்களை வைத்துக்கொள்ளும் வசதி இயந்திரத்திலேயே அமைந்துள்ளது. இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இந்தத் துணையைத் தரத் தொடங்கி, பின்னர் அதனை வளர்த்தன. இதனால் வேலிகள் பலமடைந்துள்ளன. இருந்தாலும் விண்ணப்பத் தாள் மறையவில்லை. வட்டும் வலைத்தொடர்பும் பொதுவாக இருக்கும் வரையில், விருந்தாளி முகவரி எழுதிக் கொடுப்பான். அதைக் காவலாளி படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே, நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் மனத்தில் கொள்ளலாம். முதலாவது, பிறர் சொன்ன முகவரியில் தொடக்கத்தையும் முடிவையும், இடையில் கூட்டப்படும் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாவது, சோதித்த தாளும் பயன்படுத்தும் தாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, ஓட்டையை அடைத்தவர் கையால் போட்ட திருத்தத்தையும் வேறொருவர் புதிதாகப் படித்துப் பார்க்க வேண்டும். 2012இல் திருத்தியவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் போட்ட கணக்கு, ஒருவன் முதல் அடியிலிருந்து நடப்பான் என்று எண்ணிக்கொண்டவரையில் சரியாகவே இருந்தது. அந்த எண்ணத்தை மட்டும் ஒருவரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

தோட்டத்து மக்களுக்கு ஓர் எண்ணின் மதிப்பு நன்றாகத் தெரியும். செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த நாளை மீண்டும் பதிய வைக்க எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதை நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அறிவார்கள். அன்று நம் வாழ்க்கை ஒரு கிராணியின் ஏட்டில் இருந்தது. ஏட்டை எட்டிப் பார்க்கவாவது முடிந்தது. இன்றைய ஏடுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முன்பின் அறியாத அண்டை வீட்டாருடன் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் வேலை, கடைசியில், ஒரு கூட்டல் கணக்கைப் பொறுமையாகச் சரிபார்க்கும் வேலைதான்.

உங்கள் பிள்ளை கணக்குப் பாடத்தில் விடை எழுதிய பிறகு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பதை நேர விரயம் என்று எண்ணாதீர்கள். “எதை நம்பி இந்தப் படியை எழுதினாய்?” என்று கேட்டுப் பழக்குங்கள். யான் ஹார்ன் 2017இல் கேட்டதும் அந்த ஒரு கேள்வியைத்தான். நாளை கூலாயிலோ வேறெங்கோ உள்ள தரவு மையத்தில் காவலாளியின் கணக்கைச் சரிபார்க்க ஆட்கள் தேவைப்படுவார்கள். அந்த வேலைக்கு நம் தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளையும் போகலாம்.